பெரட்டுக் களத்தில் ஒரு பட்டமளிப்பு அங்கி

சென்னையில் ஓர் அரசாங்கக் கல்லூரி. பேர் வேண்டாம், சொன்னால் அங்கே படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதன் பெரிய மண்டபத்தில் நுழைந்ததும் இடது கைப்பக்கம் ஒரு தேக்குப் பலகை மாட்டியிருக்கும். அங்கே படித்துப் பேரும் புகழுமாக வாழ்ந்தவர்களைப் பொன்னெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நீதிபதிகள், கலெக்டர்கள், ஒரு சமஸ்தானத்துத் திவான். கீழ்வரிசையில் மலாயாவிலிருந்து ஒருவர்: சந்திரன், பி.ஏ., யுத்த காலத்தில் தோட்டத் தமிழர்களுக்கு அரும்பணி ஆற்றியவர். அரும்பணி. இருக்கட்டும். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததே அவர்தான் என்று மலாயாவில் பகாவ் ஊர்ப் பக்கம் பேசிக்கொள்வார்கள். ஊர் வாயை நாம் மூட முடியுமா?

அதே கல்லூரியில் படித்து, அதே பட்டம் வாங்கி, அதே தோட்டத்தில் சந்திரனோடு குப்பை கொட்டிய மங்கம்மாவின் பேர் அந்தப் பலகையில் இல்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. பின்னாளில் மலாயாவிலேயே, சிரம்பான் ஊரின் தெமியாங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்து, சாகிற வரை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தாள். யாராவது சந்திரன் பேச்சை எடுத்தால், "நல்ல கையெழுத்து அவருக்கு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வராத அந்த வார்த்தைகளைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

பகாவுக்குத் தெற்கே இருந்தது கல்லுமலை ரப்பர்த் தோட்டம். மங்கம்மாவின் அப்பா வீரமுத்து அங்கே பெரிய கங்காணி. ஊரிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் கூட்டி வந்து சம்பாதித்த மனுஷன். நல்லவர் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஆனால் மகள் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. தாயில்லாப் பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார். மற்றப் பெண்கள் வளையல் கேட்கிற வயதில் அவள் படிப்புக் கேட்டாள். சென்னையில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீடுகளில் பிறந்த பெண் பி.ஏ. வரைக்கும் போவதை அந்த வட்டாரத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பட்டமளிப்பு விழாவுக்கு வீரமுத்துவே கப்பலேறிப் போனார். மற்றவர்கள் கறுப்பு அங்கியை வாடகைக்கு எடுத்தார்கள். கங்காணிக்கு அது பொறுக்கவில்லை.

"ஊரான் போட்டுக் கழட்டினதப் போட்டுக்கிட்டா எம்மக பட்டம் வாங்கணும்?" என்று தையற்காரனைக் கூப்பிட்டுப் புதிதாகவே தைக்கச் சொல்லிவிட்டார். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைக்கிற நினைப்பிலேயே அளவு சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அங்கி கணுக்கால் வரை இறங்கியது. ஒவ்வொரு கையிலும் ஒரு பிள்ளையைப் போட்டுத் தூங்க வைக்கலாம்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் அந்த அங்கியைக் கூடத்தில் ஆணியடித்து மாட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துச் சனங்கள் வந்து பார்த்தார்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பார்க்கப் பார்க்க அவர்களுக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. அந்தக் கறுப்பு அங்கிதான் படிப்பு. அது ஆணியில் தொங்குகிற வரை கங்காணி மகள் படித்தவள். கரையான் அரித்தால் படிப்பும் அரித்துப் போகும். ரப்பர் பால் வெட்டும் முத்தாயி மழைக்காலம் வந்தால் போதும், வாசலில் நின்று, "கவுனு நனையாம இருக்கா தாயி?" என்று விசாரித்துவிட்டுத்தான் போவாள். மங்கம்மா சிரித்துக்கொள்வாள். ஆனால் அவளும் அதை வாரம் தவறாமல் தட்டித் துடைத்துத்தான் மாட்டினாள்.

பி.ஏ. என்று கேள்விப்பட்டதும், வந்த மாப்பிள்ளைகள் வந்த லாரியிலேயே திரும்பினார்கள். ஆபீசில் வேலை கேட்டுப் போனாள். அங்கே பெரிய கிராணி என்கிற தலைமைக் குமாஸ்தா நாற்காலியில் சந்திரன் இருந்தார். வெள்ளைக்காரத் துரை சிரித்துவிட்டு, கள்ளுக்கடையை ஒட்டியிருந்த தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தைக் காட்டினான். வாங்கிக்கொண்டாள். முதல் வேலையாகக் கள்ளுக்கடைப் பக்கத்து ஜன்னலைப் பலகை வைத்து அடித்து மூடினாள். துரை வந்து ஏன் என்றான். "கடையை நகர்த்துங்கள், ஜன்னலைத் திறக்கிறேன்" என்றாள். கடை நகரவில்லை. ஜன்னலும் திறக்கவில்லை.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். துரை காரில் ஏறிச் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினான். பகாவில் முகாம் போட்ட ஜப்பான்காரன், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சந்திரனையே துரை பங்களாவில் உட்கார வைத்தான். சந்திரன் கெட்டவர் இல்லை. பயந்த ஆள். பயந்த ஆள் கையில் அதிகாரம் போய்ச் சேர்ந்ததுதான் கல்லுமலைக்கு வந்த கேடு.

பங்களாவில் உட்கார்ந்த கையோடு அவர் மங்கம்மா வீட்டுக்கு ஓடி வந்தார்.

"அந்தக் கவுன எடுத்து ஒளிச்சு வைங்க மங்கம்மா. இங்கிலீஷ்காரன் படிப்புன்னு தெரிஞ்சா உளவாளிம்பான். நான் என்னோடதக் கற்பூரம் போட்டு, தகரப் பெட்டியில வச்சு, பங்களாவுக்குப் பின்னால பொதைச்சிட்டேன். ஒங்களால முடியாட்டி எரிச்சிடுங்க."

"இது எங்கப்பா தைச்சுக் குடுத்தது சார். இங்கிலீஷ்காரன் ஒரு நூலு குடுக்கல" என்றாள் மங்கம்மா. அங்கி ஆணியிலேயே தொங்கியது.

பள்ளிக்கூடத்தில் காலையில் கிழக்கே பார்த்துக் குனிய வேண்டும், ஜப்பான் பாட்டுச் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். மாதக்கணக்காக அதே தொண்டைக்கட்டுத்தான். கடைசியில் பள்ளிக்கூடத்தைப் பூட்டி, அவள் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, ஜப்பான் முகாமுக்குக் கிழங்கு தோண்ட மரவள்ளிக் காட்டுக்கு அனுப்பினார்கள். வீரமுத்து மலேரியாக் காய்ச்சலில் படுத்தார். கொய்னா மருந்து எங்கேயும் கிடைக்கவில்லை. தோட்டத்தில் பேரை எடுத்தாலே ஆள் நடுங்குகிற கங்காணி, மகள் மடியில் பிள்ளை மாதிரி நடுங்கியே செத்தார். லயத்து ஆம்பிளைகளை ரயில் ரோடு போடவென்று சயாமுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். கடைசி லயத்து ராக்கம்மாவின் புருஷனும் அவன் தம்பியும் ஒரே லாரியில் போனார்கள். தம்பி பெண்டாட்டி பேர் பஞ்சாலை. இரண்டு பெண்களும் பஞ்சாலையின் சின்ன மகளும் ஒரே காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஒண்டிக்கொண்டார்கள்.

மூன்றாவது வருஷம் துணி அடியோடு இல்லாமல் போயிற்று. கடைகளில் காற்றுதான் இருந்தது. கோணிச் சாக்கைக்கூட ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்துத்தான் சந்திரன் ஒரு சட்டம் போட்டார். விடியற்காலையில் ஆளைக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டு இருக்கிறதே, அந்தக் களத்தில் ஆள் நேரில் வந்து நின்றால்தான் அன்றைக்கு அரிசி. ஒருத்திக்காக இன்னொருத்தி வாங்கக் கூடாது. ஓடிப்போனவன் பேரில் யாரோ அரிசி வாங்கியது பகாவ் முகாமுக்குத் தெரிந்து, அங்கே ஜப்பான் கேப்டன் கையால் சந்திரனுக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்திருந்தது. அந்த அறையை அவர் தோட்டத்துக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்.

பஞ்சாலையைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை என்பது மங்கம்மாவுக்கு உறைக்கவே தாமதமானது. ஒரு நாள் சாயங்காலம் காட்டிலிருந்து திரும்பும்போது கடைசி லயத்துக் கதவைத் தட்டினாள்.

"உள்ள வராதீங்க டீச்சரம்மா" என்று பஞ்சாலையின் குரல் வந்தது.

ராக்கம்மா வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். மெல்ல மெல்லச் சொன்னாள். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சேலைதான் மிச்சம். முதலில் ஒரு நாள் இவள், ஒரு நாள் அவள் என்று கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனார்கள். பிறகு பஞ்சாலைக்குக் கால் வீங்கிவிட்டது. காட்டு வேலைக்கு ராக்கம்மாவே தினமும் போகிறாள். ஒருத்தி அரிசியை மூன்று வயிற்றுக்குக் காய்ச்சுகிறார்கள்.

"அவளுக்குக் கட்டிக்க?"

"ரப்பர் சீட்டச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கா. வெயில் நேரத்துல ஒடம்போட ஒட்டிக்குது. உரிச்சு எடுக்கறதுக்குள்ள அழுதுர்றா."

மங்கம்மா கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மூலையில் பஞ்சாலை முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள். பக்கத்தில் மகள் படுத்திருந்தாள். குழந்தையின் முகம் ஊதியிருந்தது. விரலால் தொட்டால் குழி விழுந்து அப்படியே நின்றது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கஞ்சித் தண்ணீர் குடித்தால் இந்தப் பிள்ளை தங்காது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பஞ்சாலை பெரட்டுக்கு வந்து நின்றால் இன்னொரு பங்கு அரிசி. நிற்கத் துணி வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

மங்கம்மாவின் சேலைகளெல்லாம் கிழங்குக்கும் மருந்துக்கும் முன்பே போய்விட்டன. உடம்பில் இருந்தது கடைசி. வீட்டுக்குப் போய்க் கூடத்தில் நின்றாள். அங்கி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் இதன் ஞாபகம் வராமல் போயிற்றே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கத்தரிக்கோலையும் ஊசி நூலையும் எடுத்து மடியில் சொருகிக்கொண்டு அங்கியைத் தோளில் போட்டுத் திரும்ப நடந்தாள்.

பஞ்சாலை அதைத் தொடவே மாட்டேன் என்றாள். ராக்கம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஒங்க படிப்ப நாங்க ஒடம்புல சுத்திக்கிறதா? பாவம் டீச்சரம்மா, எடுத்துட்டுப் போயிருங்க."

"படிப்பு இதுல இல்ல ராக்கம்மா."

"நீங்க சொல்லுவீங்க. கிழிச்சப்புறம் ஒண்ணும் ஞாபகத்துல இல்லாமப் போச்சுன்னா? நாளைக்கு எங்க புள்ளைங்களுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது?"

மங்கம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கத்தரியை வைத்து அங்கியின் ஒரு கையை வெட்டினாள். துணி கிழிகிற சத்தத்தில் அப்பா முகம் கண் முன்னால் வந்து நின்றது.

இரண்டு பெண்களும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிப்பு இறங்கிப் போகிற அடையாளம் ஏதாவது தெரிகிறதா என்று தேடுகிறார்கள்.

"டீச்சரம்மா," என்று பஞ்சாலை பயந்து பயந்து கேட்டாள், "எதாச்சும் இங்கிலீஷ்ல சொல்லுங்களேன்."

மங்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு விடாமல் இங்கிலீஷில் ஒரு நீள வாக்கியம் சொன்னாள். பெரிய கிராணி ஒரு கோழை, அவருக்குப் பங்களா ஒரு கேடா என்பது அதன் சாரம்.

"இருக்குடி, போகல" என்றாள் ராக்கம்மா.

இரண்டாவது கையை வெட்டினாள். அதற்கும் ஒரு வாக்கியம் கேட்டார்கள். அதுவும் கிராணியைப் பற்றித்தான். இதைவிடக் காரமாக இருந்தது. பிறகுதான் பஞ்சாலை அங்கியை வாங்கினாள். முன்பக்கத்துத் திறப்பை மங்கம்மா கழுத்திலிருந்து கீழ்வரை தைத்து மூடினாள். வெட்டிய கைகள் இரண்டும் குழந்தைக்குப் பாவாடையாயின. போட்டுக்கொண்டு எழுந்த பஞ்சாலை தன்னைத் தானே குனிந்து பார்த்தாள். கால் வரைக்கும் மூடியிருந்தது. ரொம்ப நாள் கழித்து அவள் முதுகு நிமிர்ந்தது.

மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் ராக்கம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பஞ்சாலை வந்து நின்றாள். முதலில் நாலைந்து பேர் சிரித்தார்கள். வந்திருப்பது யார் என்பதும் போட்டிருப்பது எது என்பதும் தெரிந்ததும் களம் கப்சிப்பென்று அடங்கியது. முத்தாயி மட்டும் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டது அங்கியையா பஞ்சாலையையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். "பஞ்சாலை" என்றதும் "இருக்கேன்" என்று சத்தம் வந்தது. ஆபீஸ் படியில் நின்றிருந்த சந்திரன் தலையைத் தூக்கிப் பார்த்தார். லாந்தரை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து அவள் கழுத்தருகே பிடித்தார். அவருக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"என்ன கூத்து இது? யாரு குடுத்தா இத?"

"நான்தான்" என்றாள் மங்கம்மா வரிசையிலிருந்து.

"இன்னைக்குக் கேப்டன் கெழங்கு லாரியோட வர்றான். இதப் பாத்தா என்னைத்தான் கூப்பிட்டு அறைவான். மண்டோர், இவளுக்கு அரிசி கெடையாது. வீட்டுக்குப் போகச் சொல்லு."

"நேர்ல வந்து நின்னா அரிசின்னு நீங்கதான் சட்டம் போட்டீங்க. வந்து நிக்கிறா. அளந்து போடுங்க."

சந்திரனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மரியாதை நழுவியது. "அறிவிருக்கா ஒனக்கு? அந்தத் துணிக்கு ஒரு கௌரவம் இருக்கு. நீயும் நானும் எங்க போய் நின்னு வாங்கினது அது. கூலிப் பொம்பள ஒடம்புல சுத்தி விட்டிருக்கியே."

மங்கம்மா வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"உங்களோடது மண்ணுக்குள்ள இருக்கு சார். என்னோடது மனுசி மேல இருக்கு. எதுக்குக் கௌரவம்னு நீங்களே சொல்லுங்க."

மங்கம்மா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் களத்தில் உட்கார்ந்தாள். "இவளுக்கு அளந்தாத்தான் நான் எழுந்திரிப்பேன். அதுவரைக்கும் எனக்கும் அரிசி வேண்டாம்."

ராக்கம்மா உட்கார்ந்தாள். முத்தாயி உட்கார்ந்தாள். பிறகு யார் முந்தி யார் பிந்தி என்று சொல்ல முடியாது. பெண்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில் வேலைக்குப் போகமாட்டேன் என்று உட்காருவதற்கு என்ன தண்டனை என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. தம்பின் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படி உட்கார்ந்தவர்களை எங்கே கொண்டு போனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மங்கம்மாவுக்கும் பயம் இல்லை என்று சொன்னால் பொய். பயத்தோடேயே உட்கார்ந்திருந்தாள்.

கிழக்கு வெளுத்தது. காட்டில் கிழங்கு தோண்ட ஆளில்லை. லாரி வருகிற நேரம் நெருங்க நெருங்கச் சந்திரனுக்கு வேர்த்து ஊற்றியது. வெறும் லாரி பகாவுக்குத் திரும்பினால் இந்தத் தடவை ஓர் அறையோடு போகாது. மங்கம்மா அருகே வந்து குனிந்து, தணிந்த குரலில் பேசினார்.

"நான் அளந்து போடச் சொல்றேன். ஆனா நடந்தது கேப்டன் காதுக்குப் போகும். நான் ஒண்ணுமே செய்யலேன்னா என்னத் தொலைச்சிடுவான். நீங்க இங்க மண்வெட்டியத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வெயில்ல நிக்கணும். நான் தண்டிச்சிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

"எதுவரைக்கும்?"

"அவன் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்."

"மொதல்ல அளங்க" என்றாள் மங்கம்மா. "நாளைக்கும் அளக்கணும். அவ இதப் போட்டுக்கிட்டுத்தான் வருவா."

சந்திரன் மண்டோரைப் பார்த்துத் தலையாட்டினார். பஞ்சாலை அங்கியின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து அரிசியை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்த பிறகுதான் மங்கம்மா எழுந்தாள். மற்றப் பெண்களும் எழுந்து காட்டுக்குப் போனார்கள். ராக்கம்மா போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மங்கம்மா தன்னந்தனியே நின்றாள். வெயில் ஏறியது. தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல் வலித்தது. கண்ணுக்குள் வேர்வை இறங்கியது. ஆபீஸ் ஜன்னலுக்குள்ளிருந்து சந்திரன் பார்ப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார். விழுந்துவிடக் கூடாது என்ற ஒரே வைராக்கியத்தில், படித்த பாடங்களையெல்லாம் மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

லயத்துப் பக்கமிருந்து யாரோ வருகிற காலடி கேட்டது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பஞ்சாலைதான், அதே அங்கியோடு. வீங்கின காலை இழுத்து இழுத்து நட்ட நடுக் களத்துக்கு வந்து, மங்கம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"புள்ளைக்குக் குடுத்தியா?"

"குடுத்தேன். கெட்டிக் கஞ்சி. இன்னும் வேணும்னு அழுதா."

"அப்ப வீட்டுக்குப் போ. ஏன் வந்த?"

பஞ்சாலை தன் இரண்டு கைகளையும் உயர்த்தி மண்வெட்டிக் காம்பின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டாள். மங்கம்மாவின் தோளில் பாரம் பாதியாகக் குறைந்தது. சந்திரன் ஜன்னலில் தலையை நீட்டி, உன்னை யார் நிற்கச் சொன்னது, போ உள்ளே என்று கத்தினார். ரோட்டில் லாரி வளைவு திரும்புகிற சத்தம் கேட்டது.

"அவன் வந்துட்டான்டி. சொன்னாக் கேளு, உள்ள போயிரு" என்றாள் மங்கம்மா.

"உள்ள இருந்தது போதும் டீச்சரம்மா" என்றாள் பஞ்சாலை. "வெயிலப் பாத்து எத்தன நாளாச்சு. நான் இங்கதான் நிப்பேன்."